நாய் ஏன் சொறிகிறது: காரணத்தைத் தேடும் வரிசை

வீடு அடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்கும். பின்னங்காலால் காதைத் தட்டித் தட்டிச் சொறிவது, கழுத்துப் பட்டை கிலுகிலுப்பது, அப்புறம் பாதத்தைச் சளக் சளக்கென்று நக்குவது. பகலில் விளையாட்டிலும் சாப்பாட்டிலும் மறந்திருந்த அரிப்பு, வேறு வேலை இல்லாத நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாயைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வைக்கும் தொல்லைகளில் தோல் அரிப்பு எப்போதும் முன்வரிசையில் இருக்கும். போய் வந்த பிறகும் தீராத தொல்லைகளிலும் அதற்கு அதே இடம்தான்.

மருந்து இல்லாததால் தீரவில்லை என்று சொல்ல முடியாது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாய் அரிப்புக்கு வந்த மருந்துகள் முன்பு இருந்தவற்றைவிட எவ்வளவோ துல்லியமானவை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் சாப்பாட்டை மாற்றச் சொல்வார். பத்து நாள் மாற்றிப் பார்ப்போம். இன்னொருவர் ஷாம்பு சொல்வார். இரண்டு முறை குளிப்பாட்டுவோம். பிறகு ஒரு ஊசி. ஒரு வாரம் நாய் நிம்மதியாகத் தூங்கும். மூன்றாவது வாரம் பழைய சத்தம் திரும்பிவிடும். செய்த ஒவ்வொன்றும் ஓரளவு சரியானதுதான். ஆனால் வரிசை தப்பியிருக்கும், அல்லது கொடுத்த அவகாசம் போதாமல் இருந்திருக்கும்.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்குத் தோல் மருத்துவர்கள் சொல்லும் ஒரு விளக்கம் இருக்கிறது. அரிப்புக்கு ஒரு வாசல்படி உண்டு. அதற்குக் கீழே இருக்கும்வரை நாய் சொறியாது, தாண்டினால் சொறியும். மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் ஒரு கட்டம் வருவதைப் போல, சின்னச் சின்னக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அந்தப் படியைத் தாண்ட வைக்கும். ஒரு நாய்க்கு வீட்டுத் தூசி மேல் லேசான ஒவ்வாமை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மட்டும் இருந்தால் சமாளித்துவிடும். அதோடு நாலைந்து தெள்ளுப்பூச்சி, விரலிடுக்கில் கொஞ்சம் ஈஸ்ட் என்ற பூஞ்சையின் தொற்று, வறண்ட தோல் எல்லாம் சேர்ந்தால் ராத்திரி முழுக்கச் சொறியும். தூசியை யாராலும் ஒழிக்க முடியாது. பூச்சியையும் ஈஸ்ட்டையும் விரட்டினாலே அந்த நாய் படிக்குக் கீழே இறங்கிவிடும்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. "இந்த எண்ணெயைத் தடவினேன், சரியாகிவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நாய்க்கு ஏறியிருந்த பாரத்தில் ஏதோ ஒரு மயிலிறகு இறங்கியிருக்கிறது. அதே எண்ணெய் அடுத்த வீட்டு நாய்க்கு ஒன்றும் செய்யாமல் போவதற்கும் அதுவே காரணம். பக்கத்து வீட்டு வைத்தியத்தை நான் அதிகம் நம்பாதது இதனால்தான்.

எங்கே அரிக்கிறது என்பது முதல் தடயம்

மருத்துவரிடம் போவதற்கு முன்னால், நாய் எந்த இடத்தைச் சொறிகிறது, கடிக்கிறது, நக்குகிறது என்று இரண்டு நாள் கவனிப்பது பல பரிசோதனைகளுக்குச் சமம். வால் அடியையும், முதுகின் பின்பாதியையும், பின்தொடையையும் கடித்தால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல். காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, வயிற்றுப் பகுதி என்றால் சொறி உண்டாக்கும் மைட், அதாவது கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி. பாதங்கள், முகம், அக்குள், தொடையிடுக்கு, காதின் உட்பகுதி என்றால் சூழல் ஒவ்வாமை அல்லது உணவு ஒவ்வாமை. நான்கு பாதங்களையும் நக்குவது ஒவ்வாமைக்கு ஒத்துப்போகும். ஒரே ஒரு பாதத்தை மட்டும் விடாமல் நக்கினால் முள், புல் விதை, நகம் உடைந்தது, மூட்டு வலி என்று வேறு திசையில் தேட வேண்டும்.

நக்குவதையும் அரிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. "என் நாய் சொறிவதே இல்லை, பாதத்தை மட்டும்தான் நக்கும்" என்பார்கள். அந்த நாய்க்கு அரிக்கிறது. வெளிர் நிற நாய்களில் பாதத்து முடி செம்பழுப்பாக மாறியிருந்தால், அது உமிழ்நீரில் உள்ள போர்ஃபிரின் என்ற நிறமிப் பொருளின் கறை. நாம் பார்க்காத நேரத்திலும் நக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி. முகத்தைத் தரையிலும் சோபாவிலும் தேய்ப்பது, ஆசனவாயைத் தரையில் இழுத்து உரசுவது, அடிக்கடி தலையை உதறுவது எல்லாமே அரிப்பின் வேறு வேறு வடிவங்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள். எந்த வயதில் தொடங்கியது? சூழல் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். ஏழெட்டு வயதுவரை தோல் தொல்லையே இல்லாமல் இருந்த நாய் திடீரென்று சொறிய ஆரம்பித்தால் அலர்ஜி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒட்டுண்ணி, தைராய்டு குறைவு, குஷிங் எனப்படும் ஹார்மோன் கோளாறு, அபூர்வமாகத் தோல் புற்றுநோய்கூடப் பின்னால் இருக்கலாம். அடுத்தது, வருடத்தில் சில மாதம் மட்டும் வருகிறதா, எப்போதும் இருக்கிறதா? குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வந்துபோவது மகரந்தத்தையோ தெள்ளுப்பூச்சியையோ காட்டும். ஒரே உணவைத் தொடர்ந்து சாப்பிடும் நாய்க்கு உணவு ஒவ்வாமை பருவம் பார்த்து வராது.

பூச்சி இல்லை என்று சொல்வதற்கு முன்னால்

வரிசையில் முதலிடம் தெள்ளுப்பூச்சிக்கு. "எங்கள் நாய்மேல் பூச்சியே இல்லை" என்ற பதிலைக் கால்நடை மருத்துவர்கள் தினமும் கேட்கிறார்கள். தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை உள்ள நாய்மேல் பூச்சி தென்படாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை; அரிப்பு தாங்காமல் கடித்தும் நக்கியும் அதுவே விழுங்கிவிடுகிறது. ஒவ்வாமையைத் தூண்டுவது பூச்சியின் உமிழ்நீர். உடல் முழுக்கப் பூச்சி மொய்க்க வேண்டியதில்லை, ஒன்றிரண்டு கடி போதும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: நெருக்கமான பல் கொண்ட சீப்பால் வால் அடியில் வாரி, உதிரும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். வெறும் மண் என்றால் கறுப்பாகவே இருக்கும். பூச்சியின் கழிவாக இருந்தால் செம்பழுப்பாகக் கரையும், ஏனென்றால் அது செரித்த ரத்தம். துகளே கிடைக்கவில்லை என்றாலும் பூச்சி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

நாய்மேல் உள்ள வளர்ந்த பூச்சிகள் அந்த வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி எல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் விரிப்பிலும் சோபா இடுக்கிலும் நாய் படுக்கும் இடத்திலும் கிடக்கின்றன. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டைக்கு மேல் போடும். கூட்டுப்புழு பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட அசையாமல் காத்திருந்து, ஆள் நடமாட்டத்தின் அதிர்வையும் சூட்டையும் உணர்ந்து வெளியே வரும். அதனால்தான் ஒரு மாதம் மருந்து போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று நிறுத்துவது பயனற்றது. வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் சேர்த்துக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் கொடுத்தால்தான் சுழற்சி அறுபடும். படுக்கை விரிப்பைச் சுடுநீரில் துவைப்பது, வாக்குவம் போடுவது எல்லாம் அதற்குத் துணை.

இப்போது பரவலாகப் பயன்படுபவை ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகள்: ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர், சரோலானர், லோட்டிலானர். நன்றாக வேலை செய்கின்றன. சொறி மைட்டையும் கொல்கின்றன. ஆனால் 2018-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சில நாய்களில் இந்த வகை மருந்துகள் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு உண்டாக்கலாம் என்பதே அது. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இன்னொன்று: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்கு ஒரு சொட்டுகூட வைக்கக் கூடாது. பூனைக்கு அது விஷம்.

சொறி உண்டாக்கும் சார்காப்டிஸ் மைட் இதே வரிசையில் அடுத்தது. தோலுக்குள் சுரங்கம் தோண்டி வாழும் இது உண்டாக்கும் அரிப்பு வேறு எதையும்விடக் கடுமையானது. ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று பரவும். மனிதர்களுக்கும் கையிலும் வயிற்றிலும் கொஞ்ச நாள் தடிப்பை உண்டாக்கும். காது மடலின் ஓரத்தை மடித்துத் தேய்த்தால் நாய் தன்னையறியாமல் பின்னங்காலை உதைக்கும். இது மருத்துவர்கள் செய்து பார்க்கும் ஓர் எளிய சோதனை. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும்போது இந்த மைட் பல நேரம் சிக்காது. எனவே சந்தேகம் வலுவாக இருந்தால் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் மருந்து கொடுத்துப் பார்ப்பதே நடைமுறை. டெமோடெக்ஸ் என்ற இன்னொரு மைட் வேறு ரகம். அது எல்லா நாயின் தோலிலும் சிறிதளவு இருப்பது. எதிர்ப்புச் சக்தி குறையும்போது பெருகி முடி கொட்ட வைக்கும். பிறருக்குப் பரவாது. ஆரம்பத்தில் அதிகம் அரிக்காது. இந்த நாய்க்குச் சோதிக்காமல் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நிலைமை மோசமாகும்.

தொற்று: விருந்தாளியா, வீட்டுக்காரரா?

ஒவ்வாமையால் தோலின் காப்புச் சுவர் பலவீனமாகும்போது ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. முக்கியமானவை இரண்டு: ஸ்டஃபைலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா, மலசீசியா என்ற ஈஸ்ட். பாக்டீரியா என்றால் சிறு சீழ்க் கொப்புளம், வட்டமாகத் தோல் உரிதல், அந்துப்பூச்சி அரித்த துணிபோல் அங்கங்கே முடி உதிர்தல். ஈஸ்ட் என்றால் பிசுபிசுப்பு, ஒரு புளித்த நாற்றம், நாள்பட்டால் யானைத்தோல்போல் கறுத்துத் தடித்த அக்குளும் தொடையிடுக்கும். இரண்டுமே தம் பங்குக்கு அரிப்பை உண்டாக்கும்.

தொற்று இருக்கும்போது அரிப்பு மருந்து அரைகுறையாகத்தான் வேலை செய்யும். "விலை உயர்ந்த மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை" என்ற புகாரைத் தோண்டிப் பார்த்தால், அடியில் பல நேரம் கவனிக்கப்படாத ஈஸ்ட் இருக்கும். கண்டுபிடிக்கப் பெரிய பரிசோதனை தேவையில்லை. ஒரு துண்டு ஒளிபுகும் ஒட்டு நாடாவைத் தோலில் அழுத்தி எடுத்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், அரிப்புக்கு வரும் ஒவ்வொரு நாய்க்கும் இதைச் செய்ய வேண்டும்; கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

சிகிச்சையில் குளோர்ஹெக்சிடின் ஷாம்புவுக்குத்தான் முதல் மரியாதை. 2 முதல் 4 சதவீதம் உள்ளது. ஈஸ்ட்டும் இருந்தால் மைக்கோனசோல் சேர்ந்தது. வாரத்துக்கு இரண்டு முறை. ஷாம்பு தோலில் பத்து நிமிடம் இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். தடவி உடனே அலசினால் நுரைக்குத்தான் காசு. நாய் பத்து நிமிடம் நிற்காது என்பது உண்மை. அதனால் சிலர் அரிப்பு அதிகமுள்ள இடத்தில் முதலில் தடவிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பாதத்தைக் கடைசியாக அலசுகிறார்கள். மனிதர்களின் ஷாம்பு இதற்கு மாற்றாகாது. நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, அதன் அமில காரத்தன்மையும் வேறு.

ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கண்டபடி கொடுத்துப் பாதியில் நிறுத்தியதன் விளைவாக, பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் நாய்களிடம் உலகம் முழுக்கக் காணப்படுகிறது. தொற்று திரும்பத் திரும்ப வந்தால், மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதைவிட, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் சோதனையைச் செய்வதே சரி. தொற்று ஏன் திரும்பி வருகிறது என்ற கேள்வியும் அங்கேதான் எழ வேண்டும். அடியில் ஒவ்வாமை இருக்கும்வரை அது வரும்.

எட்டு வாரத்து உணவுச் சோதனை

பூச்சியும் மைட்டும் தொற்றும் விலகிய பிறகும் அரிப்பு இருந்தால் உணவைப் பார்க்கலாம். பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள், அதுவும் தவறான ஊகத்தோடு. தானியம் இல்லாத உணவுக்கு மாறினால் சரியாகும் என்ற நம்பிக்கை பரவலானது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் திரட்டியது. மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13, ஆட்டிறைச்சி 5. தானியங்களில் கோதுமை இருக்கிறது, ஆனால் பட்டியலின் தலையில் இருப்பது விலங்குப் புரதங்கள். போதாக்குறைக்கு, தானியம் இல்லாத சில உணவுகளுக்கும் இதயத் தசை விரிவடையும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரணை தொடங்கியது. தானியத்தைப் பழி சொல்லி விலக்குவதில் லாபம் குறைவு.

உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ரத்தம், உமிழ்நீர், முடி ஆகியவற்றை அனுப்பிச் செய்யும் சோதனைகள் விற்கப்படுகின்றன. நம்பத்தக்கவை அல்ல. முடியையும் உமிழ்நீரையும் கொண்டு செய்யும் அத்தகைய சோதனை ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தபோது, செயற்கை முடியையும் வெறும் உப்புநீரையும் மாதிரிகளாக அனுப்பினார்கள். அவற்றுக்கும் ஒவ்வாமைப் பட்டியல் திரும்பி வந்தது. பொம்மைக்குக் கோழி ஒத்துக்கொள்ளாது என்று யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்குச் சமம்.

உள்ளபடியே வேலை செய்யும் சோதனை ஒன்றுதான்: விலக்கு உணவு. நாய் இதுவரை சாப்பிட்டிராத ஒரு புரதமும் ஒரு மாவுச்சத்தும் மட்டும் கொண்ட உணவு, அல்லது புரதத்தை மிகச் சிறு துணுக்குகளாக உடைத்த ஹைட்ரோலைஸ்டு உணவு. அதை எட்டு வாரம் கொடுக்க வேண்டும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த எட்டு வாரத்துக்குள் தேறிவிடும் என்பதால்தான் அந்தக் கணக்கு. பத்து நாளில் "மாற்றிப் பார்த்தோம், பலனில்லை" என்று சொல்வது, அடுப்பில் வைத்த ஐந்தாவது நிமிடத்தில் வேகவில்லை என்று இறக்கி வைப்பதைப் போன்றது. கடையில் வாங்கும் சாதாரண நாய் உணவில் "மீன்" என்று மேலே போட்டிருந்தாலும் அது சோதனைக்கு உதவாது. ஒரே இயந்திரத்தில் பல உணவுகள் தயாராவதால், சொல்லாத புரதம் கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

எட்டு வாரம் என்பது நாய்க்கு எளிது, வீட்டாருக்குத்தான் கடினம். ஒரு பிஸ்கட் துண்டு, குழந்தையின் தட்டிலிருந்து விழுந்தது, பல் தேய்க்கும் சுவையூட்டிய பேஸ்ட், மாத்திரையைச் சுற்றிக் கொடுத்த சீஸ், இறைச்சிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரை, பூனையின் கிண்ணம். இவற்றில் ஏதேனும் ஒன்று கணக்கைக் குலைக்கப் போதும். எல்லா வீட்டிலும் "பாவம், ஒரே ஒரு வாய்தானே" என்று ரகசியமாகக் கொடுக்கும் ஒருவர் இருப்பார். சோதனை தொடங்கும் முன் அவரை உட்கார வைத்துப் பேசிவிடுவது நல்லது. கொடுக்காமல் இருக்கவே முடியாதவர் என்றால், சோதனை உணவிலிருந்தே ஒரு பிடியை அவர் கையில் கொடுத்துவிடலாம்.

அரிப்பு குறைந்ததும் வேலை முடிந்துவிடாது. பெரும்பாலோர் தவிர்க்கும் படி இதுதான்: பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. நல்லா இருக்கிற நாயை ஏன் மறுபடி சொறிய வைக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் எட்டு வாரத்தில் பருவம் மாறியிருக்கலாம், தொற்று தீர்ந்திருக்கலாம், பூச்சி மருந்து வேலை செய்திருக்கலாம். பழைய உணவைக் கொடுத்ததும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் குற்றவாளி உணவு என்று உறுதி. அதன் பிறகு புரதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து எது ஆகாது என்று கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்துவிட்டால், அந்த ஒன்றைத் தவிர்ப்பதோடு மருந்தே தேவைப்படாமல் போகும் வாய்ப்பு உண்டு. எட்டு வாரத்துத் தலைவலிக்கு இது பெரிய கூலி.

மிஞ்சி நிற்பது சூழல் ஒவ்வாமை

இத்தனையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதற்குத்தான் அட்டோபிக் டெர்மடைடிஸ் என்று பெயர். நாய்களில் 10 முதல் 15 சதவீதத்துக்கு இது இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வெஸ்ட் ஹைலண்ட் வெள்ளை டெரியர், லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பிரெஞ்சு புல்டாக், பாக்ஸர் போன்ற இனங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. தூசியில் வாழும் மைட், மகரந்தம், பூஞ்சை வித்துகள் ஆகியவை தூண்டுகோல்கள். மனிதர்களுக்கு இவை மூக்கில் ஒழுகலாகவும் தும்மலாகவும் வெளிப்படும். நாய்க்குத் தோலில் வெளிப்படும். விதிவிலக்கும் உண்டு. 1941-ல் விட்டிச் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய முன்னோடிக் குறிப்பு, மனிதர்களைப் போலவே பருவ காலத்து மூக்கொழுகல் வந்த ஒரு நாயைப் பற்றியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையும் தோலில் ஊசி குத்திப் பார்க்கும் பரிசோதனையும் நாய்க்கு இந்த நோய் இருக்கிறதா என்று சொல்வதில்லை. அரிப்பே இல்லாத நாய்க்கும் அவற்றில் பாசிட்டிவ் வரும். மருத்துவர் வரலாற்றையும் உடலையும் பார்த்து, மற்றவற்றை விலக்கி முடிவு செய்த பிறகு, ஒவ்வாமை ஊசியில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுப்பதற்குத்தான் அந்தப் பரிசோதனைகள். முதல் நாளே ரத்தத்தை அனுப்பி, வந்த பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டில் உள்ளதையெல்லாம் வெளியே எறிவது வீண் வேலை.

அந்த ஒவ்வாமை ஊசி, அதாவது இம்யூனோதெரபி, நோயின் போக்கையே மாற்றக்கூடிய ஒரே சிகிச்சை. ஒத்துக்கொள்ளாத பொருளைச் சிறு அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போய் உடலைப் பழக்குவது. ஊசியாகவும் நாக்கின் அடியில் விடும் சொட்டாகவும் கிடைக்கிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு நாய்கள் ஓரளவாவது தேறுகின்றன. பொறுமைதான் விலை: பலன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே ஓராண்டு ஆகலாம்.

அதுவரை அரிப்பை யார் பார்ப்பது? அதற்குத்தான் மற்ற மருந்துகள். பழையது பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு. மலிவானது, வேகமானது, குறுகிய காலத்துக்கு இன்றும் நல்ல மருந்து. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் ஓடுவது தேவையற்றது. மாதக்கணக்கில் அதையே நம்பியிருப்பதுதான் ஆபத்து. தாகம், அடிக்கடி சிறுநீர், அடங்காத பசி, மூச்சிரைப்பு முதலில் வரும். நீண்டால் தசை கரைதல், சர்க்கரை நோய், மருந்தினாலேயே வரும் குஷிங் நோய். பல நாள் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நாய் அரிப்பில் இன்டர்லூகின்-31 என்ற புரதம் நேரடியாக நரம்பைத் தூண்டுகிறது என்று தெரிய வந்ததுதான் பெரிய திருப்பம். அந்தச் செய்தி செல்லுக்குள் போகும் பாதையைத் தடுக்கும் ஓக்லாசிட்டினிப் மாத்திரைக்கு 2013-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு நாளுக்குள் அரிப்பு குறைவதை வீட்டிலேயே பார்க்கலாம். பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும், கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் கொடுப்பதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் வந்த லோகிவெட்மாப், அந்தப் புரதத்தையே பிடித்துக் கட்டிப்போடும் ஊசி. ஒருமுறை போட்டால் நாலு முதல் எட்டு வாரம் தாங்கும். கல்லீரல், சிறுநீரகத்தை நம்பி வேலை செய்யாததால் வயதான நாய்க்கும் பலமுறை தேர்வாகிறது. சைக்ளோஸ்போரின் இவற்றுக்கு முந்தையது. பலன் காட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகும், ஆரம்பத்தில் வாந்தி வரலாம். எந்த ஒன்றும் எல்லா நாய்க்கும் ஒத்துவராது. ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று கேட்கலாம்.

நம் மருந்துப் பெட்டியில் இருக்கும் செட்டிரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமினைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். நாய் அரிப்பில் ஹிஸ்டமினின் பங்கு சின்னது என்பதால் பெரும்பாலான நாய்களில் தூக்கம் வருவதோடு சரி. சளி மருந்தோடு கலந்து வரும் சூடோஎஃபெட்ரின் நாய்க்கு ஆபத்து. சில திரவ மருந்துகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிடாலும் அப்படியே. மேலே தடவும் மருந்திலும் இதே கவனம் வேண்டும். நாய்மேல் எதைத் தடவினாலும் அது நக்கும். நம் சொரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால் களிம்பை ஒரு நாய் கடித்துத் தின்றால் உயிரே போகலாம். வலி நிவாரண ஜெல், துத்தநாகக் களிம்பு, செறிவான டீ ட்ரீ எண்ணெய் எல்லாமே தூர வைக்க வேண்டியவை.

மருந்துக்குத் துணையாகச் செய்யக்கூடியவை சில உண்டு. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு தோலின் காப்புச் சுவருக்கு உதவும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைக்க உதவும், அவ்வளவுதான். வெளியே போய் வந்ததும் பாதத்தையும் வயிற்றையும் ஈரத் துணியால் துடைத்துக் காய வைப்பது மகரந்தத்தைக் குறைக்கும். காதில் பஞ்சுக் குச்சி விடக் கூடாது. நாயின் காதுக் குழாய் கீழே இறங்கி உள்ளே திரும்புவது. குச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். திரும்பத் திரும்பக் காதுத் தொற்று மட்டும் வரும் நாய்க்கும் அடியில் ஒவ்வாமை இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சில நேரம் இந்த வரிசையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஓட வேண்டும். பூச்சி கடித்தோ தடுப்பூசி போட்டோ சற்று நேரத்தில் முகம் வீங்கி, உடலெங்கும் தடிப்பு எழும்பினால் உடனே மருத்துவமனை. நாய்க்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி பல நேரம் வயிற்றில்தான் முதலில் காட்டும்: திடீர் வாந்தி, பேதி, தளர்ந்து விழுதல். ஒரே இரவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரமும் சிவப்புமாகப் புண் பரவியிருந்தால் அது நாய் தானே கடித்து உண்டாக்கிய ஹாட் ஸ்பாட். சுற்றியுள்ள முடியை வெட்டி, சுத்தம் செய்து, காய விட வேண்டும். களிம்பைப் பூசி மூடினால் அடியில் அழுகும். கழுத்தில் கூம்புப் பட்டை கட்டாமல் எந்த மருந்தும் நிற்காது.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம். வாரம் ஒருமுறை அரிப்புக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண், அந்த வாரம் கொடுத்த மருந்து, மாற்றிய உணவு, குளிப்பாட்டிய நாள். தோல் மருத்துவர்களும் ஆய்வுகளில் இப்படி ஓர் அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். "போன மாதத்தைவிடப் பரவாயில்லை மாதிரி இருக்கு" என்பதைவிட "ஏழிலிருந்து நாலுக்கு வந்திருக்கிறது" என்பது மருத்துவருக்கு நூறு மடங்கு உபயோகம். பூஜ்யம் எழுதும் வாரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தோல் தொல்லையே இல்லாத நாயும் தூங்கி எழுந்ததும் ஒருமுறை காதைச் சொறியும். அந்த அளவுகோலில் இரண்டுக்குக் கீழே இருந்தால் அதை இயல்பு என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.